தம்பிக்குப் பெருங்குடல் புண் நோய் என்று சொல்லிவிட்டார்கள்: வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

மஞ்சக்குப்பத்துக்காரி | கடலூர் | ஞாயிறு இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். மருந்து கேட்டு இதை எழுதவில்லை. அதற்கு மருத்துவர் இருக்கிறார். கூட இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 24 வயது. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆடி மாதத்திலிருந்தே மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று தானாக முடிவு செய்துகொண்டு, மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறான். எங்களிடம் மூச்சுவிடவில்லை. ஐப்பசியில் ஒருநாள் துணி மடிக்கும்போது அவனுடைய பெல்ட்டைப் பார்த்தேன். ஆணி வைத்து அடித்த ஓட்டைகள் இரண்டு புதிதாக இருந்தன. அன்றைக்குத்தான் கேட்டேன்; அன்றைக்குத்தான் சொன்னான்.

புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி எல்லாம் முடிந்து, பத்து நாளுக்கு முன் ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பெருங்குடலின் இடது பக்கம் புண்ணாகியிருக்கிறதாம். குடல் புண்ணை ஆற்றும் மெசலமைன் மாத்திரையும் ஸ்டீராய்டு மாத்திரையும் தொடங்கியாகிவிட்டது. மருத்துவர் நல்ல மனிதர்தான்; ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். “இது போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம்” என்று அவர் சொன்னதில் முதல் இரண்டு சொற்கள் மட்டுமே எங்கள் வீடு வந்து சேர்ந்தன.

இப்போது அம்மா அழுதுகொண்டே சமைக்கிறார். சித்தப்பா நாளுக்கு நான்கு காணொளி அனுப்புகிறார். யார் கண் பட்டது என்று பெரியம்மா ஆராய்கிறார். நான் இரண்டு இரவு விழித்திருந்து, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஓர் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அவன் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அறைக்குள் போனவன், மறுநாள் மதியம்தான் வெளியே வந்தான். நான் செய்தது தப்பா?

சுண்ணாம்பாறு | அரியாங்குப்பம் | ஞாயிறு இரவு 11.52

சகோதரி, எனக்கும் இதே நோய்தான், 2009 முதல். கிழித்ததற்காகத் தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டில் ஒட்டியிருந்தால் நானும் கிழித்திருப்பேன்.

நோய் தெரிந்த முதல் மாதத்தில் என் தட்டை ஏழு பேர் பார்த்தார்கள். நான் போய்வரும் கழிப்பறையை ஒருவரும் பார்க்கவில்லை. வயிற்று வலிகூடப் பழகிவிடும். பழகாதது அவசரம். ‘வருகிறது’ என்று உடம்பு சொல்வதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் சில நாள் ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான் எங்கள் நாள் முழுவதும் நடக்கிறது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பார்கள். எனக்கு அது ராமேஸ்வரம் யாத்திரை. ஒருமுறை கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, முதலில் கண்ணில் பட்ட கல்யாண மண்டபத்துக்குள் ஓடினேன். யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாது. வெளியே வரும்போது வாசலில் நின்ற பெண்மணி கையில் தாம்பூலப் பையைக் கொடுத்து, “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டார். இன்றைக்குச் சிரிக்கிறேன், அன்றைக்கு மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து அழுதேன்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான்: சமையலறையை விட்டுவிட்டுக் கழிப்பறைப் பக்கம் வாருங்கள். வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால், காலையில் யாரும் செய்தித்தாளோடு உள்ளே போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர், ஒரு மூடியுள்ள வாளி எல்லாம் சரியாக இருக்கட்டும். அவர் எத்தனை முறை போனார் என்று வெளியே நின்று எண்ணாதீர்கள். எண்ணுவது எங்களுக்குக் கேட்கும்.

வெளியே போகும்போது என் தோளில் ஒரு துணிப்பை தொங்கும்: ஒரு லுங்கி, இரண்டு உள்ளாடை, சோப்புத் துண்டு, தண்ணீர் பாட்டில், ஈரத்துணியைப் போட ஒரு பாலித்தீன் உறை. பதினைந்து ஆண்டுகளில் அதை ஏழெட்டு முறைதான் பிரித்திருப்பேன். ஆனால் அது இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. தம்பிக்கு இதைச் சொல்லுங்கள்; ஆனால் நீங்களே கட்டிக் கொடுக்காதீர்கள்.

மஞ்சக்குப்பத்துக்காரி | திங்கள் அதிகாலை 12.20

சில்வர் பீச்சுக்கு நண்பர்களோடு போவதை அவன் ஏன் நிறுத்தினான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. காதல் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஓய்வுபெற்ற செவிலி | புதுச்சேரி | திங்கள் காலை 6.15

இருபத்தெட்டு ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தவள். அரியாங்குப்பத்துத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. இருந்தாலும் சில விஷயங்களை அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம். காரம் தின்றதால் வந்ததும் அல்ல, கண் பட்டதும் அல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. பரம்பரைக்கு அதில் ஒரு பங்கு உண்டு; ஆனால் நோயாளியின் உறவினர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆசனவாய்க்குச் சற்று மேலே மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும்; பெருங்குடலின் உட்பூச்சைத் தாண்டாது. க்ரோன்ஸ் என்பது இதன் உடன்பிறப்பு. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், விட்டுவிட்டு வரும், குடல்சுவரின் முழுக் கனத்தையும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் ஐபிடி, அதாவது குடல் அழற்சி நோய் என்கிறார்கள். ஐபிஎஸ் என்ற குடல் எரிச்சல் தொல்லை வேறு. அதில் புண்ணும் இல்லை, ரத்தமும் இல்லை. உறவினர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, “என் மைத்துனருக்கும் இருந்தது, மோர் குடித்தே சரியாகிவிட்டது” என்பார்கள். மைத்துனருக்கு இருந்தது வேறு. விவாதிக்காமல் காபி கொடுத்து அனுப்புங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பிட்ட பிறகு கொடுப்பார்கள். இரவில் போட்டால் கொட்டக் கொட்ட விழித்திருக்க வேண்டியதுதான். பசி பிடுங்கும், முகம் உப்பும், எரிச்சல் வரும். அட்டவணையைக் கிழித்ததில் பாதி உங்கள் தம்பி, பாதி ஸ்டீராய்டு. “சதை பிடித்து நன்றாக ஆகிவிட்டாயே” என்று யாராவது சொன்னால் உடனே பேச்சை மாற்றுங்கள். அந்தச் சதை மாத்திரையின் வேலை என்பது அவனுக்குத் தெரியும். ரத்தம் நின்றுவிட்டது என்று அதைச் சட்டென நிறுத்தவே கூடாது. பெரும்பாலும் 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் 5 வாரம் 5 என்று இறக்குவார்கள். உங்கள் சீட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படி. மெசலமைன் அப்படி இல்லை. புண் ஆறிய பிறகும் அது தொடரும். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மேலே உள்ள பூச்சு குடலுக்குள் போய்த்தான் கரைய வேண்டும். மலத்தில் மாத்திரை ஓடு தெரிந்தால் பதற வேண்டாம், பல சமயம் வெறும் ஓடுதான். முழு மாத்திரையாகவே அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி எப்போது ஓட வேண்டும் என்பது. 1955-இல் ட்ரூலவ், விட்ஸ் என்று இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் வகுத்த கணக்கு இன்றும் வார்டில் புழங்குகிறது. ஒரு நாளில் ஆறு முறை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போவது. அதனுடன் காய்ச்சலோ, 90-ஐத் தாண்டிய நாடித்துடிப்போ, கடுமையான ரத்தசோகையோ இருப்பது. அப்படியானால் மறுநாள் ஓபி வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இரவோ பகலோ அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல் நின்றாலும் அப்படியே. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அலட்சியம் வேண்டாம். நோய் கிளம்பியிருக்கும் நேரத்தில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுதல்.

பேதி நிற்க என்று கடையில் கொடுக்கும் மாத்திரையை ரத்தம் போகும் நேரத்தில் தானாக வாங்கிப் போடக் கூடாது. மூட்டு வலி, பல்வலி என்று டைக்ளோஃபினாக், ஐப்யூபுரோஃபன் வேண்டாம். அடங்கிய நோயை அவை கிளப்பிவிடக்கூடும். பாரசிட்டமால் போதும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவராக இருந்தாலும், நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும்.

அக்காள் என்ற முறையில் உங்களுக்கு ஒரு வேலை: ஃபைல். பயாப்ஸி அறிக்கை, கொலோனோஸ்கோபிப் படம், ரத்தப் பரிசோதனை எல்லாம் தேதிவாரியாக. கடைசியில் ஒரு நோட்டு. எந்த மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது குறைந்தது என்று மட்டும். மருத்துவர் கொடுக்கும் நான்கு நிமிடத்தில் மூன்று நிமிடம் இந்தத் தேதிகளைத் தேடுவதிலேயே போய்விடுகிறது. கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

நாட்டுமருந்துநேசன் | நெல்லிக்குப்பம் | திங்கள் காலை 9.03

எல்லோரும் ஸ்டீராய்டைப் பற்றியே பேசுகிறீர்கள். ரத்தபேதிக்குக் குடசப்பாலைப் பட்டையும் வில்வப் பிஞ்சும் நம் முன்னோர் தந்த மருந்து. ஒரு மண்டலம் சாப்பிட்டால் வேரோடு போய்விடும். மாத்திரையை நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள். எனக்குத் தெரிந்தே நான்கு பேர் குணமாகியிருக்கிறார்கள்.

பலாச்சுளை | பண்ருட்டி | திங்கள் காலை 9.41

ஐயா, ‘நிறுத்திவிட்டு’ என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்று சொல்கிறேன்.

எனக்கு க்ரோன்ஸ். முதலில் குடல் காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். அதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் இரண்டும் கொலோனோஸ்கோபியில் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். பயாப்ஸியிலும் பல நேரம் முடிவாகச் சொல்ல முடியாது. காசநோய் இருக்கும்போது க்ரோன்ஸ் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், காசநோய் மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பது நடப்பதுதான். புண் ஆறவில்லை, அப்புறம் க்ரோன்ஸ் என்று முடிவானது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதையோப்ரின் மாத்திரை தொடங்கினார்கள். அது வேலை செய்யவே இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை பொறுங்கள் என்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை. ஒருவர் பொட்டலம் பொட்டலமாகத் தூள் கொடுத்தார். பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவும் இல்லை. முதல் மூன்று வாரம் அற்புதம். நான்காவது மாதம் சிறுகுடல் சுருங்கி அடைத்துக்கொண்டது. ஒன்றரை அடி குடலை வெட்டி எடுத்தார்கள். அந்தத் தூளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று அறுவை சிகிச்சை செய்தவர் சந்தேகப்பட்டார். என்னிடம் மிச்சத் தூள் இல்லாததால் பரிசோதிக்க முடியவில்லை.

சித்த மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவரிடம் போவது தம்பியின் விருப்பம். போவதை இரண்டு பக்க மருத்துவரிடமும் சொல்லிவிட்டுப் போகட்டும். மஞ்சளில் உள்ள குர்குமினைக்கூட வெளிநாடுகளில் இந்த நோய்க்குச் சோதித்திருக்கிறார்கள். மெசலமைனோடு சேர்த்து, ஐயா. அதற்குப் பதிலாக அல்ல.

போகிற போக்கில் ஒன்று: க்ரோன்ஸ் என்ற பெயர் 1932-இல் பர்ரில் க்ரோன் என்ற நியூயார்க் மருத்துவர் கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையால் வந்தது. ஆங்கில அகரவரிசையில் க்ரோன் முதலில் வந்ததால் நோய்க்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்ற இருவரும் தப்பித்தார்கள். நான் அந்த இருவரைப் பற்றி அடிக்கடி நினைப்பேன்.

நாட்டுமருந்துநேசன் | திங்கள் காலை 10.10

பொட்டல வியாபாரியையும் சித்தர்களையும் ஒன்றாக்க வேண்டாம். சரி, ‘நிறுத்திவிட்டு’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். குடசப்பாலையைத் திரும்பப் பெறவில்லை.

இழைக் காப்பாளர் | திங்கள் காலை 10.30

இதற்கு மேல் மருத்துவ முறைச் சண்டை வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு.

முத்தியால்பேட்டை அம்மா | புதுச்சேரி | திங்கள் பிற்பகல் 2.25

என் மகளுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது இதே கொலைட்டிஸ். இப்போது அவளுக்கு 28 வயது. நான் செய்த பிழையைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

முதல் வாரத்திலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எதிர்வீடு, மாடிவீடு, பூக்காரி, என் தங்கைகள். எனக்குப் பாரம் குறைந்தது. அவளுக்குத் தெருவில் இறங்க முடியவில்லை. பதினேழு வயதுப் பெண்ணிடம் பெரிய மார்க்கெட்டில் நடுவழியில் நிறுத்தி, “இப்போது ரத்தம் நின்றுவிட்டதா, கண்ணு?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பள்ளியில் தலைமை ஆசிரியையிடம் மட்டும் அவளே போய்ச் சொன்னாள். கதவோரம் இருக்கை கிடைத்தது, கேட்காமல் எழுந்துபோக அனுமதி கிடைத்தது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். சிலருக்கு ‘வயிற்றில் புண்’. சிலருக்கு முழு உண்மை. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளே சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று அல்ல, இரண்டாவது முறை பையன் பேச வந்தபோது. ஒரு இடம் போனது. அடுத்தது கூடிவந்தது. நோய் ஆறு மாதம் அடங்கி இருந்த பிறகு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே கர்ப்பமானாள். மெசலமைன் முழுக்கத் தொடர்ந்தது. மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகளைத்தான் முன்கூட்டியே நிறுத்த வேண்டுமாம். பேரனுக்கு இரண்டு வயது. இந்த நிமிடம் என் மூக்குக் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருக்கிறான்.

கெடிலக்கரை | திருப்பாதிரிப்புலியூர் | திங்கள் மாலை 6.50

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நோயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வயிற்று வலிக்காரரும் அவருடைய அக்காளும் நம் ஊருக்குப் புதியவர்கள் அல்ல. சமணத்தில் தருமசேனராக இந்தப் பாதிரிப்புலியூரில் இருந்த அப்பருக்குத்தான் சூலை வந்தது...

பலாச்சுளை | திங்கள் மாலை 7.02

ஐயா, பதிகம் பாடினால் கால்புரோடெக்டின் குறையுமா? குடல் அழற்சியைக் காட்டும் அந்தப் புரதம் மலத்தில் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். எனக்குப் போன மாதம் 900.

கெடிலக்கரை | திங்கள் மாலை 7.30

முழுக்கப் படிக்காமல் விடைத்தாள் எழுதுகிற மாணவர்களை நாற்பது ஆண்டு பார்த்தவன் நான், தம்பி. நான் பதிகத்துக்கே போகவில்லை.

மடத்தில் இருந்தவர்கள் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்துக் கைவிட்டார்கள். அவர் தன் சமையல்காரரை அக்காள் திலகவதியாரிடம் தூது அனுப்பினார். அக்காள் அங்கே வர மறுத்துவிட்டார். பிறகு இவரே இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போனார். சூலையோடு இன்றைய கணக்கில் இருபது கிலோமீட்டருக்கு மேல். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ராத்திரியில் வலியோடு போய்த் தட்ட ஒரு கதவு இருந்தது, அது ஓர் அக்காளுடைய கதவு. இதைத்தான் சொல்ல வந்தேன்.

பலாச்சுளை | திங்கள் மாலை 7.34

மன்னியுங்கள் ஐயா.

மஞ்சக்குப்பத்துக்காரி | புதன் இரவு 11.15

ஐயா எழுதியதை நான்கு முறை படித்தேன். அலைபேசியை வைத்துவிட்டுப் போய் அவன் கதவைத் தட்டினேன். திறந்தான். ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு, “இப்படி இருப்பதற்கு இல்லாமலே போய்விடலாம்” என்றான். நான், “அப்படியெல்லாம் சொல்லாதே” என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற செவிலி | புதன் இரவு 11.28

இன்றிரவே திரும்பப் போய், “சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?” என்று அதே சொற்களில் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இதையும் சொல்லுங்கள். இந்த நோயோடு மனச்சோர்வு வருவது மிகவும் சாதாரணம். அதற்கும் சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டும் மனத்தைக் கலைக்கும்.

மஞ்சக்குப்பத்துக்காரி | வியாழன் அதிகாலை 1.05

கேட்டேன். இல்லை, களைத்துவிட்டேன் என்றான். ரொம்ப நேரம் அழுதான். எண்ணைக் குறித்துக்கொண்டோம். நன்றி, சிஸ்டர்.

சுண்ணாம்பாறு | வியாழன் காலை 5.40

எனக்கும் அப்படி ஒரு வாரம் இருந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல். நம் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. அப்போது எனக்கு நோய் கிளம்பியிருந்த நேரம், நாளுக்கு பத்துப் பன்னிரண்டு முறை. மின்கம்பங்கள் எல்லாம் படுத்துவிட்டன. மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. பத்து முறை போகிறவன் வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மீன்பிடிப் படகில் வேலை பார்ப்பவர். எங்களுக்குள் பெரிய பழக்கம் இல்லை. வாய்க்கால் தகராறுகூட ஒன்று இருந்தது. புயலுக்கு மறுநாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒன்று பச்சை, ஒன்று நீலம். தளும்பத் தண்ணீர். கோயில் பக்கத்துக் கைப்பம்பில் அடித்து எடுத்து வந்திருக்கிறார். மாலையில் மறுபடி இரண்டு. மின்சாரம் வரும்வரை பதினாறு நாள். எனக்கு என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை. சுவர் ஒட்டிய வீடு, கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. காலிக் குடத்தை வாசலில் வைத்தால் போதும், நிறைந்துவிடும். வாய்க்கால் தகராறு இன்னும் தீரவில்லை என்பது வேறு விஷயம்.

மஞ்சக்குப்பத்துக்காரி | சனி இரவு 9.20

ஒரு நடைமுறைக் கேள்வி. மாத்திரையோடு இரவில் எனிமா மருந்தும் எழுதியிருக்கிறார்கள். அவன் தொடவே மாட்டேன் என்கிறான். டப்பா பிரிக்காமல் கிடக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலி | சனி இரவு 9.50

எல்லோரும் முதலில் அப்படித்தான். ஆனால் இடது பக்க நோய்க்கு மாத்திரையும் எனிமாவும் சேர்ந்து கொடுக்கும் பலனை மாத்திரை மட்டும் தராது. புண் இருக்கும் இடத்துக்கே மருந்து நேராகப் போகிறது.

முறையைச் சொல்கிறேன், அவனிடம் படிக்கக் கொடுங்கள். இரவு படுக்கப் போகும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டு வர வேண்டும். குப்பியைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் குளிர்ச்சி போகும். பிறகு நன்றாகக் குலுக்க வேண்டும். படுக்கையில் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய துண்டு. இந்த மருந்து துணியில் பட்டால் கறை போகாது, புது வேட்டி வேண்டாம். இடது பக்கம் சரிந்து, இடது காலை நீட்டி, வலது முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். குடலின் வளைவு அப்படி இருப்பதால் மருந்து தானாக மேலே ஏறும். முனையில் கொஞ்சம் வழவழப்புக் களிம்பு. மெதுவாகப் பிதுக்க வேண்டும். பிதுக்கிய கையைத் தளர்த்தாமல் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து திரும்பக் குப்பிக்குள் வந்துவிடும். அரை மணி நேரம் அப்படியே படுத்திருக்கட்டும். முதல் சில நாள் தங்காது, ஓடிவிடும். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். புண் ஆற ஆறத் தங்கும்.

நீங்கள் யாரும் அந்த நேரத்தில் அறைக்குள் போகாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள்.

வில்லியனூரான் | புதுச்சேரி | ஞாயிறு காலை 8.10

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்குப் போன வாரம்தான் தெரிந்தது. இதற்கு ஊசி போட லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்களே, நிலத்தை விற்க வேண்டுமா?

பலாச்சுளை | ஞாயிறு காலை 8.45

விற்காதீர்கள். எல்லோருக்கும் ஊசி வேண்டியதில்லை. மெசலமைனிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். வேண்டிவந்தாலும் இப்போது இன்ஃபிளிக்சிமாப், அடாலிமுமாப் என்ற ஊசிகள் இரண்டுக்கும் இந்தியாவிலேயே தயாராகும் மாற்று வகைகள் உண்டு, விலை முன்பைவிடக் குறைவு. நான் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் பார்க்கிறேன். அங்கேயோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ போய் எந்தத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு நிலத்தைப் பற்றி யோசியுங்கள். ஊசிக்கு முன் காசநோயும் மஞ்சள் காமாலை பி வகையும் மறைந்திருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். அதை மட்டும் தட்டிக் கழிக்க வேண்டாம்.

உணவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று கேட்பீர்கள். நோய் கிளம்பியிருக்கும்போது குழைந்த சோறு, இட்லி, வேகவைத்த மீன், உப்பும் நீரும் தாராளமாக. அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, ஒத்துக்கொள்வதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருவருக்குப் பால் ஆகாது, இன்னொருவருக்குப் பருப்பு ஆகாது. என்னைப் போலக் குடல் சுருங்கியவர்களுக்கு நார் அடைத்துக்கொள்ளும். பண்ருட்டியில் பிறந்து, இந்தப் பெயரையும் வைத்துக்கொண்டு, ஆறு ஆண்டுகளாகப் பலாப்பழத்தின் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சக்குப்பத்துக்காரி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.30

ஸ்டீராய்டு 25-க்கு இறங்கியிருக்கிறது. ரத்தம் பத்து நாளாக இல்லை. மேற்பார்வையாளரிடம் அவனே பேசி, கழிப்பறைக்குப் பக்கத்தில் உள்ள பிரிவுக்கு மாற்றிக்கொண்டான். அம்மாவிடம், யார் கேட்டாலும் ‘வயிற்றில் புண்’ என்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறான். அம்மா பெரியம்மாவிடம் மட்டும் முழுவதும் சொல்லிவிட்டார்; அதனால் ஊருக்கே தெரியும். குடசப்பாலை வந்து சேர்ந்தது, அலமாரியில் இருக்கிறது. ஃபைல் நான் பார்க்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் இப்போது கேஸ் சிலிண்டர் பதிவு எண் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது.

எனிமா டப்பாவில் பாதி காலியாகியிருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

புதிய உறுப்பினர் 4471 | கடலூர் | ஞாயிறு இரவு 11.48

அக்கா, நான்தான். உன் அலைபேசியில் இந்தப் பக்கம் திறந்தே கிடந்தது. இரண்டு நாளாக முழுக்கப் படித்தேன்.

அரியாங்குப்பத்து அண்ணனிடம் பையைப் பற்றிக் கேட்க வேண்டும், எந்த அளவு என்று. லுங்கி வைத்தால் என் பையில் வேறு ஒன்றும் நுழையவில்லை.

ரப்பர் ஷீட்டைத் துவைத்து மொட்டைமாடியில் போடாதே. எதிர்வீட்டுக்குத் தெரிகிறது.

மஞ்சக்குப்பத்துக்காரி | ஞாயிறு இரவு 11.50

பின்கட்டில் போடுகிறேன்.